கூடத்துக்கு வந்த திரை: தமிழ்நாட்டில் வீட்டில் படம் பார்க்கும் வழக்கம்

தமிழ்நாட்டின் திரைப்பட வரலாறு பெரும்பாலும் திரையரங்கின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது, எதற்கு நூறாவது நாள் விழா எடுக்கப்பட்டது, எது வெள்ளிவிழாக் கண்டது என்னும் கணக்குகளே ஒரு படத்தின் மதிப்பை அளக்கும் கோலாக இருந்துள்ளன. ஆனால் 1970களுக்குப் பின் பிறந்த தமிழருள் மிகப் பலர் ‘பராசக்தி’யையும் ‘திருவிளையாடல்’ படத்தையும் ‘காதலிக்க நேரமில்லை’யையும் முதன்முதலில் பார்த்தது வீட்டுக் கூடத்தில்தான், அவற்றைப் பற்றி அவர்கள் கொண்டிருக்கும் கருத்து, பாயில் உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே, பெரியவர்கள் சொல்லிக்கொண்டே வந்த விளக்கங்களைக் கேட்டபடி உருவான கருத்தாகும். வீட்டில் படம் பார்க்கும் இவ்வழக்கத்துக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. எந்தப் படங்கள் நல்ல பழைய படங்களாக நினைவில் தங்கின, எவை மறைந்தன என்பதில் அவ்வரலாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

திரைப்படம் வீட்டுக்குள் முதலில் வந்தது கண்வழியாக அன்று, காதுவழியாக. படத்துடன் திரையரங்க வாசலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும், இசைத்தட்டுகளும், இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் பாடல்களை வீடுகளில் நிலைநிறுத்தின. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் உரையாடல்கள் ‘கதை வசனம்’ என்ற பெயரில் இசைத்தட்டுகளாகவும் பின்னர் ஒலிநாடாக்களாகவும் வந்து, திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுவதும் கேட்டன. அகில இந்திய வானொலி ஒலிபரப்பிய ‘ஒலிச்சித்திரம்’ என்பது ஒரு முழுப்படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அடக்கித் தரும் நிகழ்ச்சியாகும். படத்தை ஏற்கெனவே பார்த்தவர் காட்சியை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார். பாராதவர் மனத்தில் கட்டிக்கொண்டார். நடிகரின் உச்சரிப்பையும் வசனத்தின் கட்டமைப்பையும் கொண்டு ஒரு படத்தை மதிப்பிடும் பழக்கம் தமிழரிடம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு மேடை நாடக மரபு மட்டுமே காரணமன்று. படத்தைக் காணாமலே கேட்டுப் பழகிய இந்த ஆண்டுகளும் காரணமாகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் ஒளிபரப்பு தொடக்கத்தில் நகரையும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளையும் மட்டுமே எட்டியது. மாநிலத்தின் பிற பகுதிகள் 1980களில் ஒளிபரப்பை வாங்கி அஞ்சல் செய்யும் நிலையங்கள் பெருகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின், தென் தமிழகக் கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனாக்களை நட்டு அந்த ஒளிபரப்பைப் பார்த்தவர்களும் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்க உரிமம் பெற வேண்டியிருந்த காலம் அது. அவ்வுரிமக் கட்டணம் 1985இல்தான் நீக்கப்பட்டது. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள் இழுத்து மூடும் மரக்கதவுகளுடன் வந்தன. தெருவில் ஓரிரு வீடுகளில் மட்டுமே பெட்டி இருந்ததால் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கும் அவ்வீடுகளின் கூடம் தெருவுக்கே பொதுவானது. சிற்றூர்களில் அந்த இடத்தை ஊராட்சியின் பொதுத் தொலைக்காட்சி பெற்றது. படத்தின் நடுவே செய்திகளுக்காக இடைவெளி விடுவதும், ஒளிபரப்பு அறுந்தபோது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை தோன்றுவதும் பார்வையின் இயல்பான பகுதிகளாயின.

இந்த ஞாயிறு மாலைகளில் புதிய படங்கள் வருவது அரிது. புதுப்படத்தை வீட்டிலேயே காட்டிவிட்டால் இரண்டாம், மூன்றாம் சுற்றுத் திரையரங்குகளின் வருவாய் போய்விடும் என்று தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் அஞ்சியதால், தொலைக்காட்சிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய படங்களே. வணிகக் காரணத்தால் நேர்ந்த இந்தக் கட்டுப்பாடு பண்பாட்டு அளவில் பெரிய விளைவை உண்டாக்கியது. 1980களில் வளர்ந்த ஒரு குழந்தை, தான் பிறப்பதற்கு முன் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களை விரும்பித் தேடிப் போகவில்லை. வேறு எதுவும் காட்டப்படாததால் அவற்றைப் பார்த்தே வளர்ந்தது. டி. எஸ். பாலையாவின் முகபாவமும் சாவித்திரியின் கண்ணீரும் எம். ஆர். ராதாவின் குரலும் அக்குழந்தைகளின் சொந்தத் தலைமுறையின் நினைவுகளாக ஆனதற்கு இதுவே காரணம்.

அக்கூடத்தில் படத்தோடு இன்னொன்றும் நடந்தது. திரையரங்கில் பேசினால் அதட்டுவார்கள். வீட்டில் பேசுவதே பார்வையின் பாதியாக இருந்தது. இந்தப் படம் வந்தபோது எந்தக் கொட்டகையில் ஓடியது, இந்தப் பாட்டைப் பாடியவர் யார், இதற்குப் போட்டியாக வந்த படம் எது, கதாநாயகிக்கு முதலில் பேசப்பட்டவர் யார் என்று பாட்டியோ பெரியப்பாவோ சொல்லிக்கொண்டே வர, அச்சில் எங்கும் பதிவாகாத ஒரு வாய்மொழித் திரைப்பட வரலாறு தலைமுறை மாறிச் சென்றது. அதில் தவறான தகவல்களும் மிகைகளும் கலந்திருந்தன என்பது உண்மை. ஆயினும் ஒரு படத்தைப் பார்த்தவுடன் அதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்ல வேண்டும், அக்கருத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டு நிறுவ வேண்டும் என்னும் பழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது எந்தத் திறனாய்வு இதழும் அன்று, இந்தப் பேச்சுத்தான். ‘அந்தக் காலத்துப் படம்போல இப்போது வருமா’ என்று பெரியவர்கள் சொன்னதும், அதை இளையவர்கள் மறுத்ததும் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் நடந்த வாதம்.

பழைய படங்கள் வீட்டில் சிறப்பாகத் தோன்றியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. 1950, 60களின் தமிழ்ப் படங்களின் சட்டகம், அதாவது திரையில் தெரியும் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், அன்றைய தொலைக்காட்சித் திரையின் நான்குக்கு மூன்று என்ற விகிதத்துக்கு மிக அருகில் இருந்தது. ஆகையால் ‘பாசமலர்’ போன்ற படம் பெட்டிக்குள் ஏறத்தாழ முழுமையாகவே வந்தது. 1973இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் கூடுதலான அகலம் கொண்ட அம்முறையில் எடுத்த படங்களைத் தொலைக்காட்சித் திரை நிரம்பும்படி காட்டியபோது, படத்தின் அகலத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் வெட்டுப்பட்டது. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் நடுவே இருந்த சுவரும் இரண்டு மூக்கு நுனிகளும் மட்டும் தெரிந்த அனுபவம் அன்றைய பார்வையாளருக்குப் புதிதன்று. புதிய படங்களில் காட்சி அழகு இல்லை என்று வீட்டில் சொல்லப்பட்ட கருத்துகளில் ஒரு பகுதிக்கு, அக்காட்சியின் பாதி அவர்கள் கண்ணுக்கே வராதது காரணமாக இருந்திருக்கும்.

தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகலில் காட்டப்பட்ட மாநில மொழிப் படங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விருது பெற்ற வங்க, மலையாள, கன்னட, அசாமியப் படங்கள் ஆங்கிலத் துணையுரையுடன், அதாவது உரையாடலின் மொழிபெயர்ப்பைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டும் முறையில், அந்த நேரத்தில் வந்தன. திரைப்படச் சங்கங்கள் இருந்த பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்த தமிழ் இளைஞர்கள் சத்யஜித் ராயையும் அடூர் கோபாலகிருஷ்ணனையும் அறிந்துகொள்ள இருந்த வழி அநேகமாக இது ஒன்றே. குடும்பத்தில் மற்றவர்கள் மதிய உறக்கத்துக்குப் போன அந்த வேளையில் தனியே விழித்திருந்து பார்த்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பின்னாளில் சிற்றிதழ்களில் திரைப்படம் பற்றி எழுதியவர்களின் தலைமுறைக்கு அந்தப் பிற்பகல்கள் ஒரு பள்ளியாகவே விளங்கின.

எதைப் பார்ப்பது என்பதை வீட்டாரே தீர்மானிக்கும் உரிமை முதன்முதலில் வீடியோ நாடாவால் வந்தது. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையையும் அறிமுகப்படுத்தின, வி.எச்.எஸ். முறையே 1980களில் தமிழ்நாட்டு வீடுகளை எட்டியது. நாடாவை ஓட்டிக் காட்டும் கருவியை மக்கள் ‘டெக்’ என்றே அழைத்தனர். வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்தவையும், பர்மாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்தோரின் கடைகளால் உருவான சென்னை பர்மா பஜாரில் வாங்கியவையும் முதலில் புழக்கத்தில் இருந்தன. விலைகொடுத்து வாங்க முடியாத பெரும்பான்மையினருக்காகத் தெருமுனைக் கேசட் கடைகள் டெக்கையும், சில இடங்களில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்து, ஒரு நாள் வாடகைக்குத் தந்தன. வாடகை ஒரு நாளைக்கு என்பதால் அந்த நாள் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று இரவு முழுவதும் மூன்று, நான்கு படங்கள் தொடர்ந்து ஓடின. முதலில் பெரியவர்களுக்காக ஒரு பக்திப் படம் அல்லது பழைய படம், பின்னர் அனைவருக்குமாக ஒரு புதுப்படம், விடியும்போது விழித்திருக்கும் இளைஞர்களுக்காக ஒரு சண்டைப் படம் என்று ஓர் எழுதாத ஒழுங்கு அமைந்தது. மஞ்சள் நீராட்டு விழாவிலும் திருமணத்துக்கு முந்தைய இரவிலும் உறவினர்கள் கூடிய வீடுகளில் டெக் போடுவது விருந்தோம்பலின் ஒரு பகுதியாயிற்று. தேய்ந்த நாடாவில் படம் கோடுகோடாய் ஓடும்போது டிராக்கிங் திருகியைத் திருகிச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு அன்று தனி மதிப்பு இருந்தது.

கட்டணம் வாங்கிக்கொண்டு வீடியோவில் படம் காட்டும் சிறு கூடங்கள் பெருகியதால் அரசு தலையிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு வீடியோ நாடாக்கள் அதன் எல்லைக்குள் வந்தன; அதே ஆண்டில் தமிழ்நாட்டில் வீடியோ வழியாகத் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தும் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் கேசட் கடைகளில் கிடைத்த புதுப்படங்களில் பெரும்பகுதி உரிமையற்ற பிரதிகளே. வெளிநாடுகளுக்காக விற்கப்பட்ட வீடியோ உரிமையின் வழியே சென்ற நாடாக்கள் மீண்டும் தமிழ்நாட்டுக்கே திரும்பிவந்து படியெடுக்கப்பட்டன. அவ்வெளிநாட்டுச் சந்தை ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழரால் 1980களின் நடுவிலிருந்து விரிவடைந்தது. இலண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ் மளிகைக் கடைகளின் ஒரு பக்கம் கேசட் அலமாரிகளாக மாறின. திரையரங்கில் தமிழ்ப் படம் அரிதாகவே வந்த அந்நகரங்களில், ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு வார இறுதியில் வாடகைக்கு எடுத்த நாடாவே மொழியோடு இருந்த அன்றாடத் தொடர்பு. அங்கே பிறந்த குழந்தைகள் பலர் தமிழைக் கேட்டுப் பழகியதில் அதற்குக் கணிசமான இடம் உண்டு.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. அதைத் தொடர்ந்து ராஜ், விஜய் முதலிய தனியார் அலைவரிசைகள் வந்தன. 2001இல் நாள் முழுவதும் படம் மட்டுமே ஒளிபரப்பும் கே டிவி வந்தது. வாரத்துக்கு ஒரு படத்துக்காகக் காத்திருந்த வீட்டில் ஒரே நாளில் பல படங்கள் ஓடத் தொடங்கின. இந்தப் பசியைத் தீர்க்க அலைவரிசைகள் பழைய படங்களின் ஒளிபரப்பு உரிமைகளைத் தொகுதி தொகுதியாக வாங்கின. தொழிலில் ‘சேட்டிலைட் உரிமை’ எனப்படும் இவ்வுரிமையை, அதன் எதிர்கால மதிப்பு இன்னதென்று அன்று யாருக்கும் தெரியாத நிலையில், தயாரிப்பாளர்கள் பலர் நீண்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ குறைந்த விலைக்கு விட்டுக்கொடுத்தனர். தமிழ்த் திரைப்பட நினைவின் பெரும்பகுதி ஒருசில நிறுவனங்களின் கைக்குப் போனது இவ்வாறுதான். எந்தப் படம் அடிக்கடி காட்டப்பட்டதோ அதுவே மக்கள் மனத்தில் சிறந்த படமாக நிலைத்தது. உரிமைத் தகராறில் சிக்கியதோ, உரிமையாளர் யாரென்றே தெரியாததோ, எவ்வளவு சிறப்பாக எடுக்கப்பட்டிருந்தாலும் இளையோரின் பட்டியலில் இடம்பெறவே இல்லை. தமிழ்ப் படங்களின் தரவரிசைகளைப் படிக்கும்போது இந்தக் காரணியை நினைவில் கொள்ளாவிட்டால் அவற்றைத் தவறாகவே புரிந்துகொள்ள நேரும்.

ஆனால் அதே மறுஒளிபரப்புச் சில படங்களுக்கு நீதியும் செய்தது. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ திரையரங்குகளில் தோற்றது. பின்னர் விடுமுறை நாட்களில் வீட்டில் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு, இரண்டு மனிதர் பயணத்தில் பேசிக்கொண்டே போகும் அதன் நிதானத்துக்குப் பழகிய பார்வையாளரைப் பெற்று, இன்று மிகவும் நேசிக்கப்படும் தமிழ்ப் படங்களுள் ஒன்றாக விளங்குகிறது. கிரேசி மோகன் உரையாடல் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ போன்ற நகைச்சுவைப் படங்களில் வசனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதால் முதல் பார்வையில் பாதியே பிடிபடும். பத்தாவது முறை பார்க்கும் வாய்ப்பை வீடுதான் கொடுத்தது. ஆதித்யா, சிரிப்பொலி முதலிய நகைச்சுவை அலைவரிசைகள் படத்திலிருந்து நகைச்சுவைப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டியதால், வடிவேலுவின் காட்சிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவை இடம்பெற்ற படத்தின் கதையை அறியாமல் இருக்கும் நிலையும் உண்டாயிற்று.

பெண்களின் பார்வை பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. திரையரங்குக்குப் போவதற்கு அனுமதியும் துணையும் தேவைப்பட்ட வீடுகளில், தொலைக்காட்சி பெண்களுக்குத் தாராளமாகப் படம் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. பிற்பகல் நேரப் படங்களின் முதன்மைப் பார்வையாளர்கள் அவர்களே. ஆயினும் அந்தப் பார்வை துண்டுபட்ட பார்வை. அடுப்பைக் கவனிக்க எழுந்து போவதும், வந்து விட்டுப்போன கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும், விளம்பர இடைவேளைக்குள் ஒரு வேலையை முடித்துவிடுவதுமாக, முழுப் படத்தையும் ஒரே இருப்பில் பார்த்த பெண்கள் மிகக் குறைவு. பாடல்களை அடுக்களையிலிருந்தே கேட்டுவிட்டு முக்கியக் காட்சிக்கு மட்டும் கூடத்துக்கு வந்த அவர்கள், ஒரு படத்தின் உயிர்நிலை எந்தக் காட்சியில் இருக்கிறது என்பதை எந்தத் திறனாய்வாளரையும்விடத் துல்லியமாக அறிந்திருந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

1990களின் இறுதியில் நாடாவின் இடத்தைக் குறுந்தகடு பிடித்தது. வி.சி.டி. என்னும் தகட்டில் எண்பது நிமிடங்களுக்கு மேல் படம் கொள்ளாது என்பதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளாக வந்தது. அடுத்து வந்த டி.வி.டி. தகட்டில் தரத்தைக் குறைத்து மூன்று, நான்கு படங்களை ஒன்றாக அடைத்து விற்றனர். வெளியான அன்றே திரையரங்கில் கேமராவால் பதிவுசெய்து விற்கப்பட்ட ‘திருட்டு விசிடி’ திரைத்துறையை உலுக்கியது. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் அதன்கீழ் கொண்டுவந்தது. இதற்கு வேறொரு விடையை 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் முயன்றது: உரிமை பெற்ற வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றதால், நடுத்தரக் குடும்பம் ஒன்று முதன்முறையாகப் பழைய படங்களைச் சேர்த்து அலமாரியில் வைத்துக்கொள்ள முடிந்தது. 2006 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கி, தெருவுக்குப் பொதுவான கூடம் என்னும் நிலையை ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்தது.

புதுப்படத்தை நேராக வீட்டில் வெளியிடும் முயற்சிக்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது. கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை 2013 தொடக்கத்தில் டி.டி.எச். வழியாக, அதாவது வீட்டுக்கு வீடு நேரே செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெறும் முறையில், திரையரங்குக்கு முன்பே காட்டத் திட்டமிட்டபோது திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடிக்கிடந்த வேளையில், எதிர்ப்பையும் மீறி ‘பொன்மகள் வந்தாள்’ 2020 மே 29 அன்று நேராக இணையத் தளத்தில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்வாறே வெளியான ‘சூரரைப் போற்று’ சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. முதல் நாள் என்பது கொட்டகை வாசலுக்கு மட்டுமே உரியது என்ற நிலை அப்போது மாறியது. புதுப்படத்தைப் பற்றிய முதல் கருத்தையும் வீடே சொல்லத் தொடங்கியது.

இந்த மாற்றத்தில் இழப்பு நேர்ந்தது பழைய படங்களுக்கு. கட்டணம் செலுத்திப் பார்க்கும் இணையத் தளங்களில் தமிழின் புதுப்படங்கள் குவிந்துள்ளன. 1960களுக்கு முந்தைய படங்களை அவற்றில் காண்பது அரிது. அவை பெரும்பாலும் யூடியூபில், பல ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சிக்காக நாடாவில் மாற்றப்பட்ட மங்கலான பிரதிகளாக, மூலையில் ஏதோ ஓர் அலைவரிசையின் முத்திரையுடனும் இடையிடையே அறுந்த வசனங்களுடனும் கிடைக்கின்றன. ‘கர்ணன்’ 2012இலும் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இலும் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தபோது மக்கள் பெருந்திரளாகச் சென்று பார்த்தனர் என்பதால், நல்ல பிரதிக்கான விருப்பம் இல்லை என்று சொல்வதற்கில்லை. அவ்வாறு புதுப்பிக்கப்பட்டவை மிகச் சிலவே. 1931இல் வந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்குப் பிரதியே இல்லை. தொடக்க காலப் படங்களில் பெரும்பாலானவற்றின் நிலையும் அதுவே. எஞ்சியவற்றுள் பலவற்றின் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டால், தொலைக்காட்சி நிலையங்களின் அலமாரிகளில் உறங்கும் அந்த ஒளிபரப்பு நாடாக்களே அவற்றின் கடைசிச் சான்றுகளாகும். அவற்றைத் தொகுத்து, ஒப்பிட்டு, உரிமையாளரைக் கண்டறிந்து பாதுகாக்கும் பொறுப்புடைய திரைப்படக் காப்பகம் எதையும் தமிழ்நாடு இன்னும் தனக்கென நிறுவிக்கொள்ளவில்லை.